ஏரிப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள்

2 மார்ச் 1997, ஞாயிறு

விடியும்போதே வெயில். லெந்து நோன்புக் காலத்தில் ஆராதனைக்குப் போகாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினதில் இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இருக்கட்டும்.

தம்பி எட்வின் ஸ்கூட்டரில் ஹெப்பகோடியைத் தாண்டி ஓர் ஏரி. அவன் ஃபேக்டரிக்குப் பக்கம். கரையிலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறான். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன அவன் மனைவி விமலா குழந்தையோடு திரும்பினதும் பொம்மனஹள்ளி ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டு இங்கே குடித்தனமாம்.

நாற்றம். சாக்கடை, சோப்பு, அழுகல், எல்லாம் சேர்ந்து. தூ. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் எடுத்தேன். கரையெல்லாம் நுரை, முழங்கால் உயரத்துக்கு.

"ஒரு மழை வந்தா எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்க்கா. ஓனரே சொன்னார்."

ஓனர் மொட்டை மாடியிலிருந்து கன்னடத்தில் ஒரே கத்தல். "போர்வெல் நீரு சென்னாகிதே, மேடம்!" தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். கேட்டேனா நான்?

கறுப்பு வெள்ளைப் பிலிம். வானம் கறுக்கட்டும் என்று சிவப்பு ஃபில்டர். சாக்கடைக் குழாய் ஒன்று ஃப்ரேமுக்குள் வந்து நின்றது. கொஞ்சம் நகர்ந்து அதை வெளியே தள்ளினேன். இந்த வேலை மட்டும் எனக்கு நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை தலைக்குக் குளித்தும் நாற்றம் போகவில்லை.

3 மார்ச்

பிலிம் கழுவினேன். நன்றாக வந்திருக்கிறது. பாத்ரூம் கொடியில் தொங்குகிறது.

இவர் துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். பிலிம் காயும்போது துண்டை உதறாதீர்கள் என்று எத்தனை தடவை!

"குளிக்கிற ரூம்ல குளிக்கக்கூட பர்மிஷன் வாங்கணுமா, லில்லி?"

வாங்கணும்.

வாங்க: ஹைப்போ, வெங்காயம், கறுப்பு டேப்.

8 மார்ச், சனி

இரண்டாம் சனி, ஆபீஸ் இல்லை. பாத்ரூமை இருட்டாக்க வென்டிலேட்டரில் கம்பளி அடைத்து, கமோடின் மேல் பலகை போட்டு, அதன் மேல் படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர். வேர்வை கொட்டுகிறது. படம் கழுவுகிற ஹைப்போ உப்பின் வாடையில் தொண்டை எரிச்சல். நடுவில் கரண்ட் வேறு போனது.

ஆனால் படம்! டெவலப்பர் தட்டில் மெல்ல எழுந்து வந்தபோது வாய்விட்டு "அடியாத்தே" என்றேன். அந்தக் கேடுகெட்ட நுரை பனி மாதிரி இருக்கிறது. கறுப்பு வானம், கறுப்புத் தண்ணீர், நடுவில் வெள்ளை வெளேரென்று. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்படியும் பொய் சொல்லுமா ஒரு கேமரா!

ஒரே குறை. தண்ணீர்மேல் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். தூசி. நெகட்டிவை ஊதினேன், பிரஷ்ஷால் தட்டினேன், திரும்பப் பிரிண்ட் போட்டேன். அதே இடத்தில் அதே புள்ளிகள். பிலிம் ஈரமாக இருந்தபோதே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறென்ன, இவர் துண்டுதான்.

நல்ல சண்டை. ராத்திரிச் சோற்றுக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

9 மார்ச், ஞாயிறு

போட்டோ கிளப்பில் மாதப் போட்டி. நடுவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "காஷ்மீரா?" என்று கேட்டார். ஹெப்பகோடி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். காஷ்மீராம்! அங்கே வந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் இந்த மனுஷனை.

பிறகு பேனா முனையால் தண்ணீரைக் காட்டி, "ஏனம்மா, இஷ்டு தூளு?" இவ்வளவு தூசியா என்று. புள்ளிகளை மூடிவிட்டுக் கொடுத்தால் ஈஸ்டர் கண்காட்சிக்கு நிச்சயம் எடுத்துக்கொள்கிறார்களாம். பெரிய சைஸில் வேண்டுமாம்.

வெட்கமாகப் போய்விட்டது. தூசியோடு பிரிண்ட் காட்டினவள் என்ற பெயர் எனக்கா?

12 மார்ச்

ஆபீஸ் விட்டு வந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புள்ளி மூடல். பொடிப் பிரஷ், கறுப்பு மை, பூதக்கண்ணாடி. கழுத்து ஒடிகிறது. எச்சில் தொட்டுக் கூராக்கி ஒவ்வொன்றாக. ஒரு இடத்தில் மை வழிந்தது. இந்த மை தண்ணீரில் ஊறினால் கரைந்துவிடும். முழுப் படத்தையும் ஊறப்போட்டுத் திரும்ப முதலிலிருந்து. சனியன்.

முடித்தபோது தண்ணீர் துடைத்துவிட்ட கண்ணாடி. ஒரு புள்ளி இல்லை.

15 மார்ச், சனி

எட்வின் வந்தான். படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"அக்கா, இதைக் குடுக்கா. விமலாக்குக் காட்டணும். ஏரி நாறுதுன்னு யாரோ அவகிட்ட போட்டுக் குடுத்திருக்காங்க. வீட்டைப் பாக்காமயே மாட்டேன்னு நிக்கிறா."

நாறத்தானே செய்கிறது என்று வாய்வரை வந்தது. பெருமை விடவில்லை. கொடுத்தேன்.

16 மார்ச், ஞாயிறு

லிங்கராஜபுரத்திலிருந்து விமலா போன்.

"அண்ணி, படம் பாத்தேன். நான் என்னவோன்னு பயந்துட்டேன். எவ்ளோ சுத்தமா இருக்கு! சரின்னு சொல்லிட்டேன் அவர்கிட்ட. தொட்டிலைக்கூட ஜன்னல் பக்கம்தான் போடப்போறேன்."

"பக்கத்துல போனா கொஞ்சம் வாசனை வரும்மா," என்றேன். வாசனையாம்! என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

"மழை வந்தா போயிடுமாமே, அண்ணி."

22 மார்ச், சனி

கண்காட்சிக்குப் பெரிய பிரிண்ட். என்லார்ஜரை உச்சிவரை ஏற்றி, ஃபோகஸ் சரியா என்று பலகையில் விழுந்த பிம்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூசிப் புள்ளி ஒன்று. நெகட்டிவ் என்பதால் கறுப்பாகத் தெரிந்தது.

அதற்கு வால் இருந்தது.

பக்கத்தில் இருந்ததற்கும். எல்லாவற்றுக்கும். வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிற மீன்கள், ஏரி முழுக்க. ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டு மூடியிருக்கிறேன். அந்தப் பிரஷ்ஷை வாயில் வைத்தேனே! பிரிண்ட் போடாமலே விளக்கை அணைத்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன்.

சீ. அந்த ஓனர், அந்தக் குழாய்க்காரன், காஷ்மீர்க் கிழம், எல்லாரையும்விட நான்தான் கேவலம். அவர்களால் நாற்றத்தை மறைக்க முடியவில்லை. நான் படத்தில் அதையும் மறைத்துவிட்டேன்.

இவரிடம் துண்டுச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். என்ன விஷயம் என்று சொன்னதும் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

எட்வினுக்கு போன் செய்தேன். "மீன் எல்லா ஏரியிலும்தான் சாகும். சும்மா எதையாச்சும் கெளப்பாதே அக்கா. புதன்கிழமை பால் காய்ச்சறோம்." வைத்துவிட்டான்.

23 மார்ச், குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே லிங்கராஜபுரம். கையில் ஓலைச் சிலுவை. விமலா அம்மா வீட்டு பீரோவில் என் படம், நாலு மூலையிலும் டேப் ஒட்டி.

வாயால் சொன்னால் எட்வின் பேச்சுதான் எடுபடும். படத்தைப் பிரித்தெடுத்தேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கேட்டேன். விமலாவின் அம்மா குழந்தையைக் குளிப்பாட்டுகிற டப்பைக் கொண்டுவந்து வைத்தார். வேறு இல்லையாம்.

படத்தை அதில் முக்கிப் பஞ்சால் மெல்லத் தடவினேன். மை கரைந்து வர வர மீன் ஒவ்வொன்றாக மேலே வந்தது. விமலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது என்ன அண்ணி?"

"செத்த மீன்."

"போன வாரம் இல்லையே?"

"இருந்துது. நான்தான் தூசின்னு நெனச்சி மூடிட்டேன்."

"நாத்தம்?"

"கொமட்டும். மூக்கைக் கட்டிக்கிட்டுதான் எடுத்தேன்."

"நாத்தம் தூசி இல்லையே, அண்ணி. அன்னிக்கே தெரியுமே உங்களுக்கு."

விமலா டப்புத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். படத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. குழந்தையின் துணிகளுக்கு நடுவே கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். சாயங்காலம் எட்வின் வருவானாம். வந்து பார்க்கட்டுமாம்.