ஒரு கை தூரம்

என்னங்க,

பரணில் கிடந்த இண்டக்‌ஷன் அடுப்பை இன்று இறக்கினேன். கோபப்படாதீர்கள். கேஸ் தீர்ந்துவிட்டது. "இனிமே இதையே வெச்சுக்கயேம்மா, இப்ப யாருக்குப் பயம்?" என்று மகள்தான் நச்சரித்தாள்.

உங்கள் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபோது டாக்டர் சொன்னது ஞாபகமிருக்கிறதா? "இண்டக்‌ஷன் அடுப்புகிட்ட போகாதீங்க, ஒரு கை தூரம் தள்ளியே நில்லுங்க." நீங்கள் சிரித்தீர்கள். "காலம் பூரா இண்டக்‌ஷன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிச் சோறு தின்னவன் சார் நான். இப்ப அதுவே எனக்கு ஆகாதாமே!"

வீட்டுக்கு வந்து அடங்கினீர்களா? நான் சமைக்கும்போது தோளை உரசிக்கொண்டு ஊர்வம்பு பேசாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. சமையலறை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தேன். திட்டு வாங்கிய பிள்ளைபோல முகம் சுண்டிப்போனது. மறுநாளே அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு கேஸுக்கு மாறினேன்.

இன்று என் ஒருத்திக்கு அரிசி களைந்து வைத்து, சுவிட்சைப் போட்டேன். அடுப்பு முனகியது. என் வாய் தானாகச் சொன்னது: "தள்ளி நில்லுங்க."

உடனே அணைத்துவிட்டேன். கேஸுக்குச் சொல்லியாயிற்று. சிலிண்டர் வந்ததும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் "இந்தாம்மா" என்று கூப்பிடுகிறவள்