வெள்ளைச் சாக்கில் வந்த கடிதம்

எழுதுகோலைப் படைத்தவனும், எழுதாமல் விட்டதையும் வாசிப்பவனுமாகிய இறைவனின் திருநாமத்தால்.

ரஜப் 11, செவ்வாய்

எழுபத்து மூன்றாம் வயதில் லாமு என்னும் எங்கள் தீவு ஊரின் துப்புரவுக் குழுத் தலைமையை என் தோளில் ஏற்றிவிட்டார்கள். மூன்று சாக்குத் திட்டம் தொடங்கி இரு வாரம். உணவுக் கழிவுக்குப் பச்சை, நெகிழிக்கு நீலம், காகிதத்துக்குப் பழுப்பு. முதலிரண்டும் நிறைகின்றன. பழுப்பு காலியாகவே திரும்புகிறது.

காரணத்தைக் குப்பைக் கழுதை ஓட்டும் ம்வாதிமே சொன்னாள். “கல்யாணப் பத்திரிகை, பரீட்சைத் தாள், மளிகைச் சீட்டு... எல்லாத்துக்கும் தலையில அல்லாஹ் பேரை எழுதி வெக்கிறீங்க. அதைக் குப்பையில போட யாருக்கு ஷேக்கு தைரியம் வரும்? எல்லாம் கட்டிலுக்கடியில கிடக்கு. கரையானுக்கு மட்டுந்தான் பயமில்ல.”

ரஜப் 12, புதன்

தீர்ப்பு வழங்கினேன். நாமம் தாங்கிய தாள்களுக்குத் தனியே ஒரு வெள்ளைச் சாக்கு. அது கழுதை முதுகில் ஏறாது. தலைச்சுமையாக என் முற்றத்துக்கு வரும். என்னிடம் ஓதும் பிள்ளைகளின் எழுத்துப் பலகையைக் கழுவுவதுபோல் நானே தொட்டியில் ஊறவைத்து எழுத்தைக் கரைப்பேன். நீர் கடலுக்கு; காகிதக் கூழ் முட்டைத் தட்டு செய்யும் பெண்களுக்கு.

விடியலில் கழுதை இன்றும் என் வாசலில் தானாக நின்றது. ம்வாதிமே அதட்டியும் நகரவில்லை.

“பழக்க தோஷம் ஷேக்கு. கோம்போ மாமா கழுதையாச்சே. அவரு எப்பவும் உங்க வாசல்லதான் தொடங்குவாராம்.”

கோம்போ, என் தங்கை சோமோயேயின் கணவன். மவுத்தாகி இரண்டு ஆண்டுகள். குப்பை சுமப்பவனைக் கைப்பிடித்தாள் என்று பத்தொன்பது ஆண்டுகளாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. அவன் ஜனாஸா நல்லடக்கத்துக்கும் நான் போகவில்லை.

இத்தனை ஆண்டும் நான் கதவு திறக்குமுன் என் வாசல் குப்பை மறைந்துவிடும். எடுப்பது யாரென்று ஒருநாளேனும் கேட்டேனா?

ரஜப் 18, செவ்வாய்

வெள்ளைச் சாக்குகள் எட்டு வந்தன. ஆறாவதில், நாலாய் மடித்த ஒரு தாள். பிரிக்குமுன்பே தெரிந்துவிட்டது. உச்சியில் நாணற்பேனாவால் புகைக்கரி மை தொட்டு எழுதிய திருநாமம். அந்த வளைவு என் கை வளைவு; என் தாள்களிலெல்லாம் முன்கூட்டியே எழுதிவைப்பது. அதன்கீழே, அவசரத்தில், நீலப் பேனாவில்—

“கழுதைச் சாணம் மிதித்த காலோடு என் படியேறாதே. உனக்கு அண்ணன் இறந்துவிட்டான்.”

வேதம் ஓதிய நாவா இதைச் சொன்னது? யாப்புப் பிசகாமல் பாட்டுக் கட்டிய கையா எழுதியது?

ரஜப் 19, புதன்

தொட்டியில் போட முடியவில்லை. தொழுகையிலும் குளம்படிச் சத்தம்.

ரஜப் 20, வியாழன்

போட்டேன். ஒரு நாழிகையில் புகைமை அவிழ்ந்து, திருநாமம் நீரோடு போயிற்று. நீலப் பேனா கரையவில்லை. தாளில் இப்போது நான் மட்டும். இனி இது வெறும் குப்பை. கூழோடு சேர்த்துப் பிசைந்தேன். விரலிடுக்கில் “படியேறாதே” என்ற சொல் கிழியாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. தேய்த்தேன். வெகுநேரம் தேய்த்தேன்.

அந்தச் சாக்கில் அவள் தெரிந்து போட்டாளா? வீடு பெருக்குகையில் தெரியாமல் வந்து விழுந்ததா?

ரஜப் 27, வியாழன்

போனேன். மூன்று சந்து தூரம்தான்; கடக்கப் பத்தொன்பது ஆண்டு ஆயிற்று. வாசலில் நின்று “ஹோடி, உள்ளே வரலாமா” என்று குரல் கொடுத்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

“கடுதாசி கெடச்சுதா?” என்றாள், கதவுக்குப் பின்னிருந்து.

“கிடைச்சுது.”

“மேல அல்லாஹ் பேரு, எரிக்க முடியல. கீழ உங்க பேச்சு, பாக்க முடியல. அலமாரி உச்சியில வெச்சேன். ஒவ்வொரு நோன்புக்கும் எறக்கித் தூசி தட்டி, திரும்ப ஏத்தி வெப்பேன்ண்ணே. வெள்ளைச் சாக்குன்னு நீங்க சொன்னதும்... அப்பாடான்னு இருந்துச்சு.”

“மன்னிச்சிடும்மா.”

“எங்கிட்ட கேக்குறீங்க. கேக்க வேண்டிய மனுஷன் கப்ருல கெடக்காரு.” குரல் கதவருகே வந்தது. “அந்தக் கடுதாசி படிச்ச மறுநாளும் உங்க வாசலுக்குத்தான் மொதல்ல போனாரு. ‘பிள்ளைங்க ஓத வர்ற எடம், ஈ மொய்க்கக் கூடாது’ன்னாரு. நான் எவ்வளவு திட்டினேன் தெரியுமா?”

கதவு இன்னும் திறக்கவில்லை. கையை மரத்தில் வைத்தபடி நின்றேன். மறுபுறம் அவள் மூச்சு கேட்டது.

ரஜப் 28, வெள்ளி

கோம்போவின் கப்ரு. மன்னிப்புக் கேட்டேன். வேலியோரம் கழுதை மேய்ந்துகொண்டிருந்தது.

ஷஃபான் 3, புதன்

நாமமில்லாத தாள்கள் பிரிந்து, பழுப்புச் சாக்கும் நிறையத் தொடங்கிவிட்டது. குழுவில் பாராட்டினார்கள். தலைகுனிந்தே இருந்தேன்.

ஷஃபான் 10, புதன்

கழுதை நின்றது. குப்பையை நானே தூக்கி ஏற்றினேன். ம்வாதிமே சிரித்தாள்: “பாத்து ஷேக்கு, கழுதை உங்களையும் ஏத்திட்டுப் போயிடும்!” பிறகு ஒரு பொதியை நீட்டினாள். “சோமோயே அத்தை குடுக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.”

ஆறு முட்டைகள், புதுக் கூழ்த்தட்டில். சாம்பல் நிறத் தட்டு. ஒரு குழியின் அடியில் மட்டும் நீலத் துகள்கள். எந்தச் சொல்லின் மிச்சம் அது?

முட்டைகளை எடுத்துவைத்தேன். தட்டைப் பழுப்புச் சாக்கில் போடக் கை வரவில்லை. துடைத்து, அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன்.

என் காலத்துக்குப் பின் இதை வாசிப்பவரே, உம் நாவையும் உம் வாசலையும் இறைவன் தூய்மையாக்குவானாக. உம் வீட்டுக் கதவுகள் தட்டும்போதே திறக்க அருள்வானாக. ஆமீன்.