உங்கள் வண்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இருபது வருஷம் இந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தவர் நீங்கள். இப்போதும் பார்ப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் டூரிங் பைக்கின் சைலன்சரில் கை வைத்துவிட்டேன்.

அந்தச் சத்தம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? நாளெல்லாம் அச்சு மிஷின் பக்கத்தில் நிற்கிற காதுக்கு, சாதாரண வண்டி ஓடுகிற மாதிரியே தெரியவில்லை என்பீர்கள். வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்த இடிமுழக்கத்தை மாட்டினீர்கள். நீங்கள் திருத்தங்கல் தாண்டும்போதே சிவகாசியில் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன்.

ஆனால் பட்டாசு ஊரில் அதை வைத்துக்கொண்டு ஒருத்தி வண்டி பழக முடியுமா? ஆமாம், நான்தான். ஸ்கூட்டர் ஓட்டிய கைதானே என்று போன மாதம் உங்கள் தம்பி முருகேசுவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காட்டுரோட்டில் கிளம்பினேன். சரியாக ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு நேரே வேகத்தைக் குறைத்தேன். சைலன்சரில் டமார் என்று ஒரு வெடி! உள்ளே வேலை பார்த்த பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவந்து மரத்தடியில் நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, ஒங்க வண்டி வெடிச்சா இங்க எங்களுக்கு உசுரு போயிட்டு வருது. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இங்கன ஓட்டாதீக" என்று போர்மேன் கும்பிட்டார்.

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. சத்தத்தைக் குறைக்காமல் இந்த வண்டியைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முருகேசு விடுவானா? "சத்தத்தக் கொறச்சா அது அண்ணன் வண்டியா மதினி? பேசாம எங்கிட்டக் குடுத்துருங்க. அண்ணன் இருந்தா ஒங்கள ஓட்ட விடுவாகளா?"

"அவுககிட்ட நான் கேட்டுட்டேன்லே. சரின்னு தலையாட்டினாக."

உண்மைதானே? தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது, எட்டயபுரம் தாண்டி, உங்கள் முதுகைத் தட்டி, "ஒரு நா இத எனக்கு ஓட்டத் தருவீகளா?" என்று கத்தினேன். ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது. அதற்குப் பத்தாம் நாள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. வண்டி ஓட்டுகிற பேச்சை அதற்குள் நாம் மறுபடி எடுக்கவே இல்லை.

"அந்தச் சத்தத்துல கேட்டிருக்காது மதினி" என்றான் முருகேசு. அவன் சொன்னதைப் பொய்யாக்குகிறேன் பார் என்று, அவனை ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டேன். "முருகேசு, நாளைக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுக்கிறியா?" என்று கத்தினேன். பெரிய மனுஷன் மாதிரி இரண்டு தடவை தலையாட்டினான்! இறங்கி விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து நான் மட்டும் அழுதேன். நீங்களும் இப்படிச் சும்மாதான் தலையாட்டினீர்களா?

வண்டியை நீங்கள் வழக்கமாக விடும் குமாரின் பட்டறைக்கே கொண்டு போனேன். சைலன்சருக்குள் சத்தத்தை அமுக்குகிற பஞ்சு கருகிப்போயிருந்தது. குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு வேறு. அந்த டமாருக்கு அதுதான் காரணமாம். புதுப் பஞ்சு வைத்து, கசிவை அடைத்து, சைலன்சர் வாயில் சின்னதாக ஒரு குழாயைச் செருகினான். கிளப்பினால் உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பிறகு குமார் உள்ளே போய் ஒரு பைக் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, அண்ணாச்சி கடைசியா வந்தப்ப செய்யச் சொன்னது. 'அவளுக்கு இத ஓட்டணுமாம்டா, கால் எட்டாது, ரெண்டு இஞ்சு கம்மியா ஒரு சீட்டு தச்சு வையி'ன்னாக. தச்சு முடிக்கவும் சேதி வந்துச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்து எப்படிக் குடுக்கன்னு தெரியல."

கேட்டிருக்கிறது! அந்த இடிச் சத்தத்திலும் கேட்டிருக்கிறது! பட்டறை என்றும் பாராமல் கைதட்டிக் குதித்துவிட்டேன். முருகேசு தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப வண்டி ஒங்களுக்குத்தான் மதினி" என்றான்.

என் கால் தரையில் நன்றாக ஊன்றுகிறதுங்க. ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணறு வரை போய் வந்தேன். திரும்பும்போது அதே பட்டாசுக் கம்பெனி வாசல் வழியாக வந்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

ஆனால் அன்று ராத்திரி ஒன்று தோன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது கேட்டதென்றால், மற்றதெல்லாமும் கேட்டிருக்குமே? உங்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பின்னால் உட்கார்ந்து என்னென்னவோ பேசியிருக்கிறேன். உங்கள் அம்மாவைத் திட்டியதை விடுங்கள். தனுஷ்கோடியில், இரண்டு பக்கமும் கடல் தெரிந்தபோது, முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லாததை உங்கள் முதுகிடம் சொன்னேன். "ஒங்களக் கட்டிக்கிட நான் குடுத்து வச்சிருக்கணும்."

நீங்கள் திரும்பவில்லை. வண்டியின் வேகத்தை மட்டும் குறைத்தீர்கள். முன்னால் ஏதோ பள்ளம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ரோட்டில் பள்ளமே கிடையாதுங்க.

மழைக்கு முன்னால் தனுஷ்கோடிக்கு நானே ஓட்டிப் போவேன். அந்த இடம் வந்ததும் அதை மறுபடி சொல்வேன், கத்தாமல், சாதாரணக் குரலில். இது சத்தியம்.

இப்படிக்கு,
முன்சீட்டுக்கு வந்துவிட்ட உங்கள் வீட்டுக்காரி,
ராணி