தையற்காரியின் ‘ழ’

மார்ச் 3, செவ்வாய்

நோட்டே, மன்னித்துக்கொள். எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ‘க’ மேலே ஏறுகிறது. ‘ஞ’ பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து தூங்குகிறது. இந்த நான்கு வரிக்கு முக்கால் மணி நேரம். ஆனால் எழுதியது நான்தான்! எழுபத்தோரு வயதில்!

யாருக்கும் தெரியாததை முதலில் எழுதிவிடுகிறேன். முப்பத்தோரு வருடமாக வெள்ளிதோறும் வானொலியில் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். வேலையை விடலாமா, முதலாளி முறைத்தால் என்ன செய்வது, மச்சான் பேசாவிட்டால் நாமாகப் போய்ப் பேசலாமா — எல்லாவற்றுக்கும் சிரிக்கச் சிரிக்கப் பதில். ஊரே என்னைப் ‘பதிலண்ணன்’ என்கிறது. பதிலண்ணன் ஒரு கைநாட்டு என்பது ஊருக்குத் தெரியாது.

கடிதங்களை வீட்டில் என் மனைவி படிப்பாள். கேட்டு அப்படியே மனப்பாடம் செய்துகொள்வேன். மைக் முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு ‘படிப்பேன்’. ஒரு தடவை தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று விழுந்து விழுந்து சிரித்தார். “கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்று எல்லாருக்கும் சொல்வேன். முத்தா, கூழாங்கல்லா, எனக்கு எப்படித் தெரியும்?

ஆறு மாதம் முன்பு அவள் கண்ணில் புரை என்றார் டாக்டர். “ஆபரேஷன் ஆனா ஒரு மாசம் படிக்கக் கூடாதாம். நீங்களே கத்துக்குங்க” என்றாள். வேறொரு நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தாள். அவள் ‘ழ’வுக்கு மட்டும் வால் நீளம், கீழே இறங்கி, கொக்கி போட்டு, மேலே திரும்பிப் பார்க்கும்.

“ஏன் இவ்வளவு நீளம்?”

“அது என்னோட ழ. உங்க ழ எப்படின்னு நீங்க எழுதிப் பாருங்க.”

நேற்று ஆபரேஷன் முடிந்தது. இந்த வெள்ளி, நானே படிக்கப் போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

காலையிலிருந்து ஒன்பது கடிதம்! ‘பட்டறை’ என்ற சொல்லை மூன்று முறை முட்டி, நான்காவது முறை உடைத்தேன். ஒரு கண்ணில் கட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் தடுக்கும் இடத்திலெல்லாம் அவள் உதடு அசைந்தது.

“என்ன எழுத்துங்க அது? சொல்லுங்க, நான்—”

“நீ பேசாம இரு. இனிமே உனக்கு இந்த வேலையே இல்ல. ஜாலியா ரெஸ்ட் எடு!”

பெருமையில் சொன்னேன். “சரி” என்று எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்து வைத்திருந்த துணியைத்தான் பிரித்து மறுபடி மடித்தாள்.

மார்ச் 6, வெள்ளி

மானம் போயிற்று. ஆனாலும் சந்தோஷம்.

ஒரு பெண் கேட்டிருந்தாள்: என் மாமியார் மனமே இல்லாமல் சமைக்கிறார், என்ன செய்யலாம்? நான் ‘மணமே இல்லாமல்’ என்று படித்துவிட்டேன். பூண்டை எந்தப் பதத்தில் வதக்கினால் வாசனை தெருமுனை வரை போகும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். உடனே போன். “அண்ணே, அந்தம்மாவுக்கு மனசு சரியில்லபோல. நீங்க பூண்ட வதக்கச் சொல்றீங்களே!”

வீட்டுக்கு வந்தால், “மனத்துக்கு ரெண்டு சுழி. நீங்க ஒரு சுழி கூடப் போட்டுட்டீங்க” என்றாள். அவ்வளவுதான். இதற்கே முன்பெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

மார்ச் 10, செவ்வாய்

கண் அருமையாக ஆறிவருகிறதாம். அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது?

மார்ச் 12, வியாழன்

மெதுவாக எழுதுகிறேன்.

வானொலிக்கு வந்த தபால் பையில் தையற்காரியின் கடிதம் இருந்தது. தையற்காரி என்பவள் முதல் வருடத்திலிருந்தே எனக்கு எழுதும் நேயர். பெயர் போட மாட்டாள், ‘ஒரு தையற்காரி’ என்றுதான் முடிப்பாள். அவளுக்கு மட்டும் கொஞ்சம் குழைந்து பதில் சொல்வேன். என் மனைவி அந்தக் கடிதத்தைப் படிக்கும்முன், “இந்தாங்க, உங்காளு எழுதியிருக்கா” என்று உதட்டைச் சுழிப்பாள்.

இன்று நானே படித்தேன். வரிகள் சரிந்து சரிந்து இறங்கின. இதுதான் கடிதம்:

“முப்பத்தோரு வருடம் ஒரே கடையில் தைத்தேன். முதலாளி இப்போது தானே தைக்கப் பழகிவிட்டார். அவர் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் என் விரல்களுக்குத் தொழில் இல்லை. நான் எழுந்து போய்விட வேண்டுமா, இல்லை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாமா?”

மகிழ்ச்சியில் ஒரு ழ. பழகியதில் ஒன்று. தொழிலில் ஒன்று. எல்லாம் கீழே இறங்கி, கொக்கி போட்டு, மேலே திரும்பி என்னையே பார்த்தன.

அவள் எழுதிக் கொடுத்த நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே வால்.

அடிப்பாவி! முப்பத்தோரு வருடமாகவா? நீயா?

ஒரு முறை தையற்காரி கேட்டிருந்தாள் — வீட்டுக்காரர் ஊரோடெல்லாம் பேசுகிறார், வீட்டில் வாய் திறப்பதில்லை, என்ன செய்ய? “அந்தாள என்கிட்ட அனுப்புங்கம்மா, காதைத் திருகி அனுப்பறேன்” என்று சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் காதைத் திருகினாள். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றாள்.

இப்போது அடுப்படியில் டம்ளர் கழுவுகிறாள். போய்ச் சொல்லிவிடலாமா? வேண்டாம். வானொலிக்குக் கேட்டாள். வானொலியிலேயே சொல்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

“ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கு எழுத்தே தெரியாதுங்க. எல்லாக் கடுதாசியும் என் வீட்டுக்காரி படிச்சா. நான் வாயசைச்சேன்.” ஒலிப்பதிவாளர் வாயில் கை வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. தையற்காரியின் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசி வரியில் கால் இடறியது. “ஒரு மூளையில் உட்கார்ந்திருக்கலாமா?”

போன் விளக்கு எரிந்தது. இணைப்பைக் கொடுத்தார்கள்.

“ஏங்க, அது மூளை இல்ல, மூலை. மூளை இருந்தா இப்படிப் படிப்பீங்களா?”

முப்பத்தோரு வருடத்தில் அவள் குரல் வானொலியில் வந்தது இன்றுதான்.

“சரிம்மா, திருத்திக்கறேன். ஆனா அது தையற்காரி எழுதின கடுதாசி ஆச்சே? அதுல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பக்கம் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

“தையற்காரிக்கு என் பதில் இதுதான்” என்றேன். “அந்த முதலாளிக்கு இன்னும் ஊசியில நூல் கோக்கவே அரை மணி நேரம் ஆகுது. வேலையே இல்லன்னு அவன் சொன்னது பெரிய தப்பு. மூலையெல்லாம் வேண்டாம். அவன் பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லு.”

“கண்ணுல கட்டு இருக்கு.”

“காது இருக்குல்ல?”

“அடுப்புல பால் இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

வேண்டுமென்றே தப்பாகப் படித்தீர்களா அண்ணே என்றார் ஒலிப்பதிவாளர். சத்தியமாக இல்லை. ல, ள இரண்டும் எனக்கு இன்னும் இரட்டைப் பிள்ளைகள்தான்.

வீட்டுக்கு வந்தால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

மார்ச் 16, திங்கள்

நிலைய அதிகாரி கூப்பிட்டார். வேலை போனது என்றே நினைத்துப் போனேன். “அம்மாவுக்குத் தனி மைக் வெச்சிடலாமா?” என்றார்.

மார்ச் 20, வெள்ளி

நான் படிக்கிறேன். பக்கத்து நாற்காலியில் அவள் கேட்கிறாள். அர்த்தம் கோணினால் உடனே, “இடிக்குதே, மறுபடி பாருங்க” என்கிறாள், மைக் எதிரிலேயே. “கையெழுத்து முத்து” என்று இன்று ஒருவருக்குச் சொன்னேன். எட்டிப் பார்த்து, “பொய்” என்றாள். டாக்டர் எழுத்தைப் பார்க்கவே கூடாது என்றிருக்கிறார், அதற்குள்ளே! திட்டினேன். ஊரே கேட்டது.

பையில் பாதிக் கடிதங்கள் அவளுக்குத்தான். தையற்காரியிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. வரும் வழியில் கேட்டேன்.

“பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதுக்குத் தபால்?” என்றாள். பஸ்ஸில் வீடு வரை பேசிக்கொண்டே வந்தோம். நான் கூட வாய் திறந்தேன்.

இந்தப் பக்கத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம்: என் ‘ழ’வுக்கு வால் குட்டையாம். அடுத்த வாரத்துக்குள் ஐம்பது ‘ழ’ போட்டுப் பழக வேண்டும். போட்டுவிட்டு, நோட்டே, உன்னிடம் வருகிறேன்.