அப்பாவின் கடிகாரத்துக்குப் புதுத் தண்டு

அண்ணே,

அப்பாவின் கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்ததும் மெழுகு வாசனை வந்தது. ஜெகதாப்பட்டினத்து உப்புக் காற்றிலும் உன் ஐஸ் கம்பெனி ஈரத்திலும் கிடந்தது; உள்ளே துருதான் இருக்கும் என்று நினைத்தேன். உன்னைத் திட்ட இன்னொரு காரணம் கிடைக்குமே என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். துரு இல்லை. சாவி கொடுக்கும் குமிழ் பாதித் தண்டோடு ஒடிந்து விழுந்த துளையை நீ மெழுகால் அடைத்திருக்கிறாய். அந்த ஒன்றில் உன்னைக் குறை சொல்ல முடியவில்லை.

அப்பாவைக் கடைசிவரை புதுக்கோட்டையில் வைத்துப் பார்த்தவன் நான். அவரைத் தூக்கும் முன்பே கையிலிருந்ததைக் கழற்றிக் கட்டிக்கொண்டவன் நீ. "என்னடா முறைக்கிற? மூத்தவன் நான்தானே. நீ காலேஜ் வாத்தியாரு. ஒனக்கு மணி சொல்லத்தான் பெல் அடிக்கிறாங்களே" என்றாய். சாவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். நீ கண்ணை மூடும்வரை உன் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

உன் மகள் கல்யாணம் நிச்சயமானதும், போன மாதம் மதினி இதை எடுத்துக்கொண்டு வந்தார். "பாப்பா கல்யாணத்துல மாப்பிள்ளை கையில மாமா வாட்ச்சத்தான் கட்டணும்னு அவுக சொல்லிட்டுப் போனாக, தம்பி. ஓட வச்சுக் குடுங்க."

போன பிறகும் கொடுக்கிறாய். எனக்கு இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், "இதுக்கு ஸ்டெம் வர்றதில்ல சார், மிஷினையே மாத்திருவோம்" என்றார்கள். விடவில்லை. அந்தத் தண்டைத் தபாலில் வரவழைத்தேன். உள்ளே சிக்கிய பழைய தண்டின் துண்டை எடுக்க ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்த வேண்டும். அதிகம் தளர்த்தினால் அடியில் தண்டைப் பிடித்திருக்கும் கொக்கி கழன்றுவிடும். பிறகு முகப்பையே பிரிக்க வேண்டியதுதான். அந்தத் திருகாணியின் தலையில் உன் கீறல்கள். முயன்று, பயந்து, நிறுத்தியிருக்கிறாய். நான் நிறுத்தவில்லை. கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் இழுத்து, துண்டை எடுத்தேன். புதுத் தண்டு நீளமாக இருந்தது. அரத்தால் ராவி, செருகிப் பார்த்து, மறுபடி ராவினேன். கூடுதலாக ராவிவிட்டால் அதுவும் வீண். கடைசியில் குமிழ் இடைவெளியில்லாமல் பொருந்தியது. சாவி கொடுத்தேன். ஓடியது.

ஒரு பகல் முழுக்க என் கையில் கட்டியிருந்தேன். "என்ன, கழட்ட மனசு வரலையா?" என்றாள் என் மனைவி. வரவில்லைதான்.

ஆனாலும் நாளை மறுநாள் மேடையில் மாப்பிள்ளைக்கு நானே கட்டிவிடுவேன். பாப்பாவின் முகத்துக்காக. உன்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. உன்னிடமிருந்து எனக்கென்று வந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். அதை யாருக்கும் கழற்றிக் கொடுக்க மாட்டேன்.