வருது என்றால் வரவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் அந்த நலத்தில் சேராது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதுவும் போக இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. நம் தண்ணீர்ச் சங்கத்திலிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும், தலைவர் கையெழுத்துப் போட்டது. போன மாதம் நீ சங்கத்துக்கு எழுதிய கடிதத்தை மாற்றி, அந்த மலைக் கிராமத்தில் நாங்கள் போட்ட குழாயில் தண்ணீர் வருகிறது என்று வேறொன்று எழுதித் தரும்படி அதில் கேட்டிருக்கும். அது சாதாரணத் தபாலில் வருகிறது, கூரியரில் போட்டு அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். முழங்காலுக்கு நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்வதாக உன்னிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன், நம்புவது உன் பாடு. டிவியில் விளம்பரம் ஓடும்போது மட்டும் காலை நீட்டி மடக்குகிறாள், தொடர் ஆரம்பித்ததும் கால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பிசியோதெரபி படித்த பெண்ணைப் பெற்றவள் நீ, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாயே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றால், "அவங்க கால் அவங்களுக்கு, என் கால் எனக்கு" என்கிறாள். தம்பி பழையபடி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத்தான் போய்வருகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறான், அதனால் அவனை எங்காவது அனுப்ப வேண்டுமென்றால் அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து நம் சமையலறை மூலையில் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால், "வந்துட்டே இருக்கேன் சார்" என்கிறான், பின்னாலேயே அவன் வீட்டுக் குக்கர் விசில் கேட்கிறது. அம்மா மூலையில் ஒரு வாளியை வைத்துவிட்டாள், அதுவும் இப்போது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அலுப்புதான். காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலம் ஆனது போல இருக்கிறது.

சங்க விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் என்ற முறையில் உன் கடிதத்தை நான்தான் கூட்டத்தில் படிக்க வேண்டியிருந்தது. தலைவரின் இரும்புக் கடை மாடியில் அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், அதே ஆறிப்போன டீ. கடை கடையாக உண்டியல் வைத்துச் சேர்த்து, எங்கேயோ தூர தேசத்தில் இருக்கிற கிராமங்களுக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை என்று சின்னச் சின்னதாகச் செய்து கொடுக்கிறோம் என்ற பெருமையில்தான் இத்தனை வருஷமாக அந்த மாடிப்படியை ஏறி இறங்குகிறோம். உன் ஆஸ்பத்திரி நர்ஸின் சொந்த ஊர் என்று நீ சொன்னதால் அந்த மலைக் கிராமத்தையும் எடுத்தோம், மேலே இருக்கிற ஊற்றிலிருந்து பள்ளிக்கூடம் வரை குழாய், பிள்ளைகளுக்குக் கழிப்பறை. லீவில் அங்கே போய்ப் பார்த்ததை நீ எழுதியிருந்தாய். முதல் மழையிலேயே மண் சரிந்து நடுக் குழாயை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெண்கள் பழையபடி ஊற்றுக்கு ஏறிப்போய்த் தண்ணீர் சுமக்கிறார்கள், ஊற்றிக் கழுவத் தண்ணீர் இல்லாததால் கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை. நான் படித்து நிமிர்ந்தபோது ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த பக்கம் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாதா மாதம் கூட்டத்தில் போனை மேஜை மேல் வைத்து அந்த ஊர் வாத்தியாரைக் கூப்பிடுவோம் என்று உனக்குத் தெரியும். அவர் இளவயதில் வெளியூரில் நம் ஆட்களோடு கட்டட வேலை பார்த்து நம் மொழியைக் கற்றுக்கொண்டவர் என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தலைவர் போன் தேவையே இல்லாத குரலில், "சார், தண்ணி வருதா?" என்பார். அவர், "வருது சார், வருது, வந்துட்டே இருக்கு" என்பார். நாங்கள் கைதட்டுவோம், நான் 'தண்ணீர் வருகிறது' என்று கூட்டக் குறிப்பில் எழுதுவேன். அவர் உன்னிடம் விளக்கியதை நீ எழுதியிருந்தாயே, கட்டட வேலையில் சிமெண்டு லாரி வருதா, சாப்பாடு வருதா, சம்பளம் வருதா என்று எதைக் கேட்டாலும் மேஸ்திரி "வருது வருது" என்பாராம், இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று இவர் விளங்கிக்கொண்டாராம். இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் மரியாதையாகச் சொல்கிற முறை இது என்று நினைத்து, மாதா மாதம் அதையே சொல்லியிருக்கிறார். வரவில்லை என்றதற்கு எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவருக்கும் குழப்பமாம். அந்த மனுஷர் மேல் என்ன தப்பு சொல்ல முடியும், நம்மிடம் கற்றுக்கொண்டதை நம்மிடமே திருப்பிச் சொன்னார். பிளம்பர் சொன்னால் புரிகிறது, அவர் சொன்னது புரியவில்லை. எங்களுக்கும் தண்ணீர் வருகிறது என்று கேட்கத்தான் ஆசையாக இருந்திருக்கிறது.

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள், தலைவர் சிரிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை பாப்பா, சங்கத்துக்காகத் தன் கடையையே பாதி நாள் மறந்த மனுஷர், அவர் மனைவிகூட அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் ஆண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது, அட்டையிலேயே அந்தக் குழாய்ப் படம். மறுநாள் என் கண்ணாடிக் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே பேசினார். ஒரு ஊருக்கு ஒரு தடவைதான் என்பது சங்கத்து விதி, இருந்தாலும் போக்குவரத்துச் செலவு என்று காட்டிக் குழாயைச் சரிசெய்யப் பணம் அனுப்பிவிடலாம், ஆனால் உன் கடிதம் கோப்பில் இருக்கக் கூடாது, தண்ணீர் வருகிறது, முன்னால் எழுதியது வேறு ஏதோ ஊரைப் பற்றி என்று நீ இன்னொன்று எழுதித் தந்தால் போதும் என்றார். "வெளிய தெரிஞ்சா உண்டியல்ல எவனும் காசு போட மாட்டான்யா. அடுத்து எடுத்திருக்கிற ஊருங்க என்ன ஆகும்? உன் பொண்ணு ஒரு ஊரப் பார்த்துட்டா, நான் எல்லா ஊரையும் பாக்கணும்ல" என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுந்து போகும்போது, "உன் பொண்ணு நான் கேட்டா யோசிப்பா, நீ கேட்டா மறுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அதே நினைப்புதான். ஒரு பொய்க் கடிதம், அதற்குப் பதில் ஒரு ஊருக்குத் தண்ணீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஒரு நேரம் தோன்றும். அந்தப் பெண்பிள்ளைகளுக்குக் கோப்பில் இருக்கிற காகிதம் மெய்யா பொய்யா என்பதா கவலை. இன்னொரு நேரம், அடுத்த மழையில் மறுபடி மண் சரிந்தால் என்ன செய்வது, தண்ணீர் வருகிறது என்று எழுதிக் கொடுத்தவள் பிறகு வரவில்லை என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள் என்று தோன்றும். அம்மாவிடம் கேட்டேன். அவள் காலை நீட்டியபடியே, "அவ பார்த்ததத்தான எழுதினா, பாக்காதத எழுதச் சொல்ல நீங்க யாரு" என்றாள். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. மனசு கேட்காமல் வாத்தியாருக்கு நானே போன் போட்டேன். தண்ணி வருதா என்று கேட்கவில்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டேன். "விழல சார்" என்றார். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "ரிப்பேருக்குப் பணம் வருதா சார்?" என்று கேட்டார். வருது என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். அப்படி ஒரு வெட்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தேன், பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பரிசோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டால் யாரும் பாதியில் எழுந்து போக முடியாது பார், அது எனக்கு வசதியாகப் போயிற்று. முதலில் தையல்கடை அம்மாளிடம் சொன்னேன். நீங்கள் உண்டியலில் போட்டது குழாயாகப் போய்ச் சேர்ந்தது, குழாய் உடைந்து கிடக்கிறது, வருகிறது வருகிறது என்று நாங்கள் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு என்றேன். அவள் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்து முடித்தாள். பிறகு, "கிழிஞ்சா தைக்கறதுதான, இதுக்கு எதுக்கு இப்படி முழிக்கிறீங்க" என்றாள். பேக்கரிக்காரர் அப்படி இல்லை. தன் கடை உண்டியலை அன்று சாயங்காலமே கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, கண்ணாடியையும் வேறு கடையில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்துக்கடை உண்டியலும் பின்னாலேயே வந்தது, தலைவர் பயந்ததில் தப்பில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது. கோபப்பட்டவர்களிடம் திட்டு வாங்கினேன், கேட்டுக்கொண்டவர்களிடம் வாத்தியார் கதையையும் சொன்னேன், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. தெருவில் தலைவர் தலை தெரிந்தால் போதும், "தலைவரே, தண்ணி வருதா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள், முடி வெட்டப் போனால் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். அவர் கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருத்தன் இதைக் கேட்டுவிட்டு ஆணி வாங்காமலே போனானாம். எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் நிறுத்துவது என் கையில் இல்லை.

கடைசியில் நேற்று அவசரக் கூட்டம் போட்டார். அந்தக் குழாயைச் சரிசெய்வது, மண் சரிகிற இடத்தில் தாங்குசுவர் எழுப்புவது, இனிமேல் கட்டிக் கொடுத்த ஊர்களுக்குப் பழுது பார்க்கவும் பணம் ஒதுக்குவது என்று அவரே எழுந்து சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். போக்குவரத்து என்று எழுதாமல் பழுது என்றே குறிப்பில் எழுதினேன், அவர் தடுக்கவில்லை. அது முடிந்ததும், அடுத்தது செயலாளர் பதவி என்றார். "பொண்ணா சங்கமான்னு வந்தப்ப இவன் பொண்ணு பக்கம் போயிட்டான். தப்புன்னு சொல்லல. ஆனா இனிமே இந்த நாற்காலி இவனுக்கு வேண்டாம்" என்றார். அதற்கும் கை தூக்கினார்கள், கொஞ்சம் மெதுவாக. என்னை நீக்கியதையும் நானே குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாடிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். வழக்கம்போல் சேர்ந்து நடந்து வரலாம் என்று வாசலில் நின்றேன், பழக்க தோஷம். அவர் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். பதவி போனதில் வருத்தமில்லை, அந்த மாடிப்படி என் மூச்சுக்கும் ஆகாது. அவர் போனதுதான் தாங்கவில்லை பாப்பா. காலையில் நடக்கக் கிளம்பி அவர் வீட்டு மூலை வரை போய்விட்டு, அங்கிருந்தே திரும்பி வந்துவிட்டேன். இந்த வயதில் புதுசாக ஒரு சிநேகிதனை எங்கே போய்த் தேடுவது.

அவர் உனக்கு எழுதியது இதற்கெல்லாம் முன்பே தபாலில் போட்டது, அதனால் அது வந்தே தீரும். அதற்கு நீ பதில் போட வேண்டாம். அவர் மேல் கோபமும் வேண்டாம், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். நீ எழுதிய கடிதம் கோப்பில் அப்படியே இருக்கிறது. வாத்தியாரிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு, பணம் வருகிறது என்று எங்கள் ஆட்கள் யார் போனில் சொன்னாலும் நம்ப வேண்டாம், கையில் வாங்கிய பிறகு நம்பட்டும். உன் பங்குக்கு நீயும் சம்பளத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். நோயாளிகளைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று உன் இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே, குளிரில் காதை மூடிக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. எடுத்த காரியம் கைகூடி, நல்ல மனுஷர்கள் நடுவில், ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம், தம்பி அன்பைச் சொல்லச் சொன்னான்.

மறக்காமல் ஒன்று செய். குழாயை ஒட்டி முடித்ததும் அந்த ஊருக்கு ஒரு நடை போ. தண்ணீர் வருகிறது என்று எனக்கு எழுதாதே, குடித்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
இனி வெறும் அப்பா