கடப்பை அடைக்க மாட்டேன்

சாய்ந்தமருது,
03.10.2010

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம், முதலில் என் கோபத்தை வாசியுங்கள். போனில் கதைத்தால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கத்தாருக்கு வரும் தம்பி ஹிஷாம் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் சொன்னதென்று மேசன் கனகரெத்தினம் அண்ணன் வந்து, பின்வேலியோரம் அத்திவாரத்துக்கு நூல் கட்டினார். வேலியில் நாம் போய்வரும் கடப்பையும் அடைத்துத்தான் மதில் வருமாம். நான் நூலைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். “ஐயோ தங்கச்சி, அவர் கேட்டா நான் என்ன சொல்லுற?” என்றார். “காணி ஆர்ட பேரில இரிக்கெண்டு அவரிட்டயே கேளுங்க” என்றேன்.

ஓம் மச்சான், இது என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வளவு. மூத்தவ ராத்தாவுக்கும் எனக்கும் பிரித்துத் தந்தபோது, நடுவில் வந்த இந்தப் பின்வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இந்தக் கடப்பை விட்டுத்தான் தந்தார். வளவுக்கு வளவு அப்படி விட்டதால்தான் நாங்கள் பெண்கள் தெருவில் இறங்காமலே கடற்கரையிலிருந்து பெரிய வீதி வரை போய் வந்தோம்.

சண்டை முடிந்த பிறகு ஊர் வீங்கும் வீக்கத்தை நீங்கள் பார்க்கவில்லை. மேற்கே வயலைக் கிறவல் போட்டு நிரப்பி வீடு கட்டுகிறார்கள். புதிதாக வெட்டும் ஒழுங்கையெல்லாம் யாரோ ஒருவரின் கேட்டில் போய் முட்டி நிற்கிறது. பழைய வளவுகளிலும் மதில்தான். போன கிழமை இறந்த சீனிமுகம்மது காக்காவின் ஜனாஸாவை ஒழுங்கையால் தூக்கிப்போய், வழியில்லாமல் திருப்பி, நம் கடப்பால்தான் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மதில் இல்லாவிட்டால் கத்தார்க்காரன் வீடென்று யார் மதிப்பார் என்று கேட்டீர்களாமே. மதிக்காமல் போகட்டும்!

சுனாமியன்று நம் மகள் பஸ்லா குர்ஆன் ஓதப்போன இடத்திலிருந்து ஓடி வந்ததை, கடற்கரைப் பக்கத்துச் சல்மா உம்மா தன் வீட்டு மாடியிலிருந்து கண்டார். பிள்ளை எப்போதும் வரும் வழியால்தான் ஓடியிருக்கிறாள். அந்த வருட நோன்புப் பெருநாளைக்குத்தான் அங்கே ஒருவர் கடப்பை அடைத்து மதில் எழுப்பியிருந்தார். பஸ்லா அதில் இரண்டு கையாலும் அடித்துவிட்டு, கடல் வந்த பக்கமே திரும்பினாளாம். இதைப் பற்றி நீங்கள் இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கதைக்கவும் வேண்டாம். ஆனால் என் வளவில் அதே மதிலைக் கட்டச் சொல்லாதீர்கள்.

மற்ற மூன்று பக்கமும் கட்டுங்கள், விரும்பிய வர்ணம் பூசுங்கள். கடப்பு திறந்தே இருக்கும். அதை அடைக்க வேண்டுமென்றால் நீங்களே வந்து, என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, முதல் கல்லை உங்கள் கையால் வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவு போட்டு வாருங்கள். பஸ்லாவை மறித்த அந்த மனிதரின் மதிலைக் கடல் கொண்டுபோனது. இப்போது அங்கே அவர் வேலிகூடப் போடவில்லை. கடற்கரைப் பக்கமாக இறங்கி, பிள்ளை வர நினைத்த வழியால் ஒருமுறை நடந்து வாருங்கள். நான் கடப்படியில் நிற்பேன். அல்லாஹ் உங்களையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
ஹாஜறா